அந்த லாரியும் விருதுநகருக்குத்தான் போனது

முத்தையா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. மாமன் மகள் பாக்கியத்தைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மாமாவைக் காப்பாற்றியது நீதான் என்று மாமாவே எழுதியிருந்தார், உன்னைப் போல நல்ல மனசு யாருக்கம்மா வரும்" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை லட்சுமி படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் தங்கை பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள். நல்ல மனசு என்று ஒன்று எனக்கும் இருந்தது உண்மைதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் உன் அப்பாவோடு சேர்த்து அதையும் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்தேன். என் அண்ணனை நான் எதற்காகக் காப்பாற்றினேன் என்று தெரிந்துகொண்ட பிறகு நீ கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல். அதற்கு முன்னால் வேண்டாம்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல லட்சுமி எழுதுகிறாள். ஏழாம் வகுப்போடு நிறுத்தி அவளை வெடி சுற்ற உட்கார வைத்தோம், ஆனாலும் எழுத்து அவளை விட்டுப் போகவில்லை. நான் பேசுகிற மாதிரியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதுகிறேன் என்கிறாள். எழுதட்டும். தபால்காரர் வாசலில் நின்றாலே கதவுக்குப் பின்னால் போய்விடுகிற பிள்ளை, பேனா பிடித்தால் மட்டும் தைரியமாக இருக்கிறாள். எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை. உன் மாமனை அவள் "அவர்" என்று எழுதினாள். அடித்துவிட்டு "அவன்" என்று எழுதச் சொன்னேன். கூடப் பிறந்த மூத்தவன்தான். இருந்தாலும் அவன்தான்.

இந்தக் கடிதத்தை உன் அச்சாபீஸ் அறையில் உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. அவர்கள் ஊரிலும் வயதான அப்பா அம்மா இருப்பார்கள். நம்மூரில் மருந்து என்றால் வெடிக்குள் போடுகிற பொடி என்று அவர்களுக்குத் தெரியாது, அதையும் சொல்லிக்கொள். உன் அப்பா நாரணாபுரம் கம்பெனியில் அந்த மருந்தைக் கலக்கிக் கலக்கி வெள்ளி நிறமாகவே வீட்டுக்கு வருவார். காது மடலில், இமையில், நகக்கண்ணில் எல்லாம் பொடி. காறித் துப்பினால் அதிலும் மின்னும். நீ சின்னவனாக இருக்கும்போது "அப்பா சாமி மாதிரி மின்னுதாக" என்று சொல்லிக் கைதட்டுவாய். இம்புட்டும் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போனால் வயிறு என்னாகும் என்ற பயம் அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் இருந்தது. அதனால்தான் தீபாவளி லோடு முழுவதும் போய்ச் சேர்ந்த மறுநாள் கம்பெனியில் மருந்து கழிக்கிற நாள் என்று ஒன்று வந்தது. போர்மேனாகிய உன் மாமன் ஒரு தகர டின் நிறைய விளக்கெண்ணெயை வைத்துக்கொண்டு நிற்பான். ஆணும் பெண்ணும் வரிசையில் வருவார்கள். ஆளுக்கு ஒரு சங்கு ஊற்றி, ஒரு துண்டு வெல்லம் கொடுப்பான். "ஏலே, குடிக்கதுக்கு முன்னால வேட்டிய இறுக்கிக் கட்டு, கண்மாய்க்கரை போய்ச் சேரணும்லா" என்று அவன் சொல்ல, பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். வருஷம் முழுக்க உள்ளே போன மருந்து ஒரே நாளில் கழிந்துவிடும் என்று நாங்கள் நம்பினோம். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஒரு கெடுதல் ஒளிந்திருந்தது. அந்த ஊரில் யாருக்கு வயிறு வலித்தாலும் காரணம் ஒன்றுதான், மருந்து தங்கிவிட்டது. வைத்தியமும் ஒன்றுதான், விளக்கெண்ணெய். வேறு எதையும் யாரும் கேட்க வேண்டியதே இல்லை.

உன் அப்பாவுக்கு வேறு ஒன்று இருந்தது. வலது பக்கத்து ............யில் ஒரு வீக்கம். புள்ளி வைத்திருக்கிற இடத்தில் நான் சொன்ன சொல்லை எழுத மாட்டேன் என்று லட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அடிவயிறும் தொடையும் சேருகிற இடம் என்று புரிந்துகொள். பெட்டி தூக்கினால், இருமினால், எலுமிச்சம்பழம் அளவுக்கு அங்கே ஒன்று புடைத்துக்கொண்டு வரும். படுத்துக்கொண்டு மெல்ல அமுக்கினால் உள்ளே போய்விடும். ஆறேழு வருஷமாக இருந்தது. பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். "ஆசுபத்திரியில காட்டுவோங்க" என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கோபம் வரும். "எங்கன காட்டச் சொல்லுத? ஊரான் முன்னால வேட்டிய அவுத்துக்கிட்டு நிக்கவா? கம்பெனியில தெரிஞ்சா கெழடு தூக்க லாயக்கில்லன்னு வீட்டுக்கு அனுப்பிருவாக. ஒன் அண்ணன்கிட்ட மூச்சு விட்ராத" என்பார். நான் மூச்சு விடவில்லை. புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தேன். இது என் முதல் தப்பு. எழுதிக்கொள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. லோடு மேல் லோடாகப் போய்க்கொண்டிருந்தது. காலையில் வேலைக்குப் போனவர் பத்து மணிக்கெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வயிறு முறுக்குகிறது என்றார். படுத்து அமுக்கிப் பார்த்தார், வீக்கம் உள்ளே போகவில்லை. கல்லாக இருந்தது. தொட்டால் துடித்தார். இரண்டு தடவை வாந்தி எடுத்தார். காற்றுகூடப் பிரியவில்லை. லட்சுமி அப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை, மூலையில் உட்கார்ந்து வெடி சுற்றிக்கொண்டே பார்த்தாள். நான் கம்பெனிக்கு ஓடினேன். வாசலில் லாரி நின்றது, பாதிக்கு மேல் பெட்டி ஏற்றியாகிவிட்டது. உன் மாமன் கையில் ஆர்டர் சீட்டை வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, அவுகளுக்கு வயிறு வலி தாங்கல. லாரியில ஏத்தி ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும்."

"லோடு போற லாரிங்கேன். மருந்து மேல நோயாளியப் படுக்க வச்சா விடுவாகளா?"

"முன்னால டிரைவர் பக்கத்துல உக்கார வச்சா போதும்ணே."

"ஏ தாயி, நான் சொல்லுததக் கேளு. மாப்ளைக்கு மருந்து தங்கிருச்சு. இந்த வருசம் அம்புட்டு வேல. ஆசுபத்திரிக்குப் போனா டாக்டர் என்ன வேலங்கான், எந்தக் கம்பெனிங்கான், சீட்டு எழுதுவான். சீட்டு வந்தா பின்னாலேயே பேக்டரி இன்ஸ்பெக்டர் வருவான். சீசன் நேரத்துல இது தேவையா? ரெண்டு சங்கு எண்ணெயக் குடு. சாயங்காலம் எந்திரிச்சு உக்காருவாரு பாரு."

சொல்லிவிட்டு டின்னிலிருந்து அவனே ஒரு தம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். தளும்பாமல் கொண்டு போ என்றும் சொன்னான். நான் தளும்பாமல்தான் கொண்டு வந்தேன். வழியில் அந்த லாரி என்னைத் தாண்டிப் போனது. புழுதியில் எண்ணெய் கெட்டுவிடக்கூடாதே என்று முந்தானையால் தம்ளரை மூடிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன். உன் அப்பா வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினார். "அண்ணன் சொல்லிருக்காகங்க" என்று தலையைத் தூக்கி நான்தான் ஊற்றினேன். என் கைதான். இது இரண்டாவது தப்பு. இதற்குப் பெயர் தப்பு என்றால்.

அந்த வீக்கம் கீழே இறங்கிய குடல்தான். அடைத்துக்கொண்டு நிற்கிற குடலுக்குப் பேதி கொடுத்தால் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும். கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருக்கிற மாட்டை அடிப்பது மாதிரி. சாயங்காலத்துக்குள் வயிறு தவில் மாதிரி உப்பிவிட்டது. விடிந்தபோது வலி குறைந்துவிட்டது என்றார். நான் சாமியைக் கும்பிட்டேன். வலி குறைந்தது நல்லதற்கு இல்லை, உள்ளே குடல் செத்ததால் குறைந்தது என்று அப்போது யார் எனக்குச் சொல்வது? முகம் சாம்பல் நிறத்துக்குப் போன பிறகுதான் மாட்டு வண்டி பிடித்தேன். சிவகாசியில் பார்த்த டாக்டர் வயிற்றில் கை வைத்தவுடனே விருதுநகருக்கு ஓடுங்கள் என்றார். பஸ்ஸில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். ஆமத்தூர் தாண்டும்போது கண் திறந்து, "நேத்து லோடு போச்சா?" என்று கேட்டார். போயிற்று என்றேன். "நல்லது" என்றார். உன் அப்பா கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். உன்னைப் பற்றியோ என்னைப் பற்றியோ இல்லை. லோடு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இது எத்தனை வருஷமாக இருக்கிறது, யாருக்கெல்லாம் தெரியும், பேதிக்குக் கொடுத்தது யார் என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பதில் என்னிடம் இருந்தது. அறுப்பதற்குக்கூட நேரமில்லாமல் அன்று பிற்பகலே எல்லாம் முடிந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் ஒரு நர்ஸம்மா வந்து உட்கார்ந்தார். சாத்தூர்ப் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. "வயசானவுகளுக்கு வலி சின்னதா இருக்கும், நோவு பெருசா இருக்கும்மா. காய்ச்சல்கூட அடிக்காது. எளவட்டம் கத்துற கத்த அவுக கத்த மாட்டாக. அதனால சும்மா வாயுன்னு நெனச்சிருதாக. நேத்தே கொண்டாந்திருந்தா ஒரு மணி நேரத்து வேல இது" என்றார். நேற்றே. நேற்று அந்த லாரி இதே விருதுநகருக்குத்தான் வந்தது. ரயில் ஸ்டேஷனில் பெட்டிகளை இறக்குவதற்காக, நான் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரியின் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

மூன்றாம் நாள் நீ மெட்ராஸிலிருந்து வந்தாய். மாமன் உன் தோளில் கை போட்டு, "மருந்து தங்கிருச்சுலே, எம்புட்டோ பாத்தோம்" என்று அழுதான். அவன் வாங்கிக் கொடுத்த வேலையில் நீ இருந்தாய். அவன் தோளில் சாய்ந்துதான் நீ அழுதாய். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எண்ணெய் ஊற்றியது நான் என்று உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதற்குப் பிறகு நான்கு வருஷம் அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சுற்றிய வெடியைக் கொடுக்கக் கம்பெனிக்குப் போகும்போது நேருக்கு நேர் வந்தால் வணக்கம் சொல்வேன். மருந்து கழிக்கிற நாளில் மட்டும் வரிசையில் கடைசி ஆளாக நின்று, அவன் ஊற்றுகிற சங்கை வாங்கி, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே தரையில் கொட்டிவிட்டு வருவேன். முதல் வருஷம் "என்னத்துக்கு தாயி?" என்று கேட்டான். அப்புறம் கேட்கவில்லை. இந்தக் கையால் அவனுக்கு ஒரு நாள் ஊற்ற வேண்டும் என்று மட்டும் மனசுக்குள் இருந்தது. வேண்டுதல் மாதிரி இருந்தது.

அந்த நாள் போன ஆவணியில் வந்தது. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். உன் அத்தை ஆள் அனுப்பினாள். "கூடப் பொறந்தவளக் கூப்பிடு" என்று அவன் கேட்கிறானாம். லட்சுமியையும் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் வலது காலை மடக்கிப் படுத்திருந்தான். முந்தின நாள் சாயங்காலம் தொப்புளைச் சுற்றி லேசாக வலித்ததாம். சாப்பாடு வேண்டாம் என்றிருக்கிறான். ஒரு வாந்தி. விடிந்ததும் வலி வலது பக்கம் கீழே இறங்கிவிட்டதாம். உடம்பு சுடக்கூட இல்லை, வெதுவெதுப்புதான். நான் அந்த இடத்தில் விரலை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். உன் அத்தை அடுப்படியிலிருந்து தம்ளரோடு வந்தாள். "மருந்து தங்கிருச்சாம். எண்ணெய லேசாச் சுட வச்சிருக்கேன். நான் குடுத்தா குடிக்க மாட்டேங்காக. நீ குடுத்தா குடிப்பாக, குடு" என்று என் கையில் தந்துவிட்டு வெல்லம் எடுக்கப் போனாள்.

தம்ளர் என் கையில் இருந்தது, முத்தையா. சூடாக இருந்தது. அவன் தலையைத் தூக்கினேன். பறவைக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தான். பேதி கொடுத்தால் இவன் சாவான் என்று அந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஊற்றியிருந்தால் யாரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் அண்ணனுக்கு நான் பாசமாக மருந்து கொடுத்தேன் என்றுதான் ஊர் பேசியிருக்கும். உதடு வரை கொண்டுபோனேன் என்பதை உனக்கு மறைக்கப் போவதில்லை. ஆனால் அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவன் செத்துவிட்டால் உன் அப்பா எப்படிச் செத்தார் என்பதும் இவனோடு போய்விடும். இவன் நல்லவனாகச் சாவான். அது எனக்குப் பொறுக்கவில்லை. தம்ளரைக் கவிழ்த்துத் தரையில் கொட்டினேன்.

"என்ன தாயி?" என்றான்.

"அண்ணே, அன்னைக்கு நான் லாரி கேட்டு வந்தேன். என்ன சொன்னீக?"

"இப்ப எதுக்கு அதெல்லாம். வலி உயிர் போகுது."

"என்ன சொன்னீக?"

"லோடு போகணும்னேன்."

"லோடு எந்த ஊருக்குப் போச்சு?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தேன். "எனக்கு அவசரம் இல்லண்ணே. ஒங்களுக்குத்தான்" என்றேன். உன் அத்தை வெல்லத்தோடு வந்து அப்படியே நின்றுவிட்டாள். "ஏ, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மனுசன் துடிக்காரு" என்று கத்தினாள். பாக்கியம் ஓடி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"எந்த ஊருக்குண்ணே?"

"விருதுநகருக்கு."

"வழியில என்ன இருக்கு?"

"ஆசுபத்திரி." பிறகு அவனாகவே சொன்னான். "ஏத்தியிருக்கலாம் தாயி. முன்னால உக்கார வச்சிருக்கலாம். எடம் இருந்துச்சு."

இடம் இருந்தது. அந்த வார்த்தைக்காக நான்கு வருஷம் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை அவன் சொல்லி முடிக்கவும் வாசலில் ஹாரன் அடித்தது. பார்த்தால் கம்பெனி லாரி. டிரைவர் பக்கத்தில் லட்சுமி உட்கார்ந்திருந்தாள். நான் அவனை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவள் போய் லாரியை அழைத்து வந்திருக்கிறாள். தபால்காரருக்கு ஒளிகிற பிள்ளை கம்பெனி வாசலில் லாரிக்கு முன்னால் நின்று, நூறு பேர் பார்க்கக் கத்தியிருக்கிறாள். "ஒங்க மக போட்ட கூச்சல்ல நான் பிரேக்குல காலை வச்சவன் எடுக்கலம்மா" என்று டிரைவர் பிறகு சொன்னான். உன் மாமன் வாய்க்குள் தண்ணீர்கூட ஊற்றவிடாமல் லாரியில் ஏற்றினோம்.

குடல்வால் வீங்கி வெடித்துவிட்டது என்றார் டாக்டர். பழைய வெடிப்பு இல்லை, இப்போதுதான், கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வெடித்திருக்கும், அதனால் பிழைப்பான் என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என்றால் எப்போது? நான் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்திருந்த நேரத்திலா? அவரிடம் கேட்கவில்லை. இனிமேலும் கேட்கப் போவதில்லை. அந்த நேரம் என்னுடையது. லோடு ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அவனுடையது. இதுதான் உன் அம்மாவின் நல்ல மனசு.

இருபத்திரண்டு நாள் வார்டில் அவனுக்குத் துணையாக நான்தான் இருந்தேன். ஊரெல்லாம் மெச்சியது. கஞ்சி குடிக்கலாம் என்று சொன்ன நாளிலிருந்து தினமும் தம்ளரில் ஆற்றி, உன் அப்பாவுக்கு ஊற்றினேனே, அதே மாதிரி தலையைத் தூக்கி ஊற்றுவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் அவன் கண் கலங்கும். நல்லா கலங்கட்டும் என்று அடுத்த வாய் ஊற்றுவேன். அவன் நூறு வயசு இருக்க வேண்டும், தினமும் எழுந்து தன் தையலைத் தடவிப் பார்க்க வேண்டும், பார்க்கும்போதெல்லாம் இது உன் அப்பாவுக்குக் கிடைக்க வேண்டியது என்று தெரிய வேண்டும். செத்துப்போகிறவனிடம் என்ன பழி வாங்க முடியும்?

அதே நர்ஸம்மா அங்கே இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். சும்மா இருக்கிற நேரத்தில் கட்டில் கட்டிலாக எனக்குக் காட்டினார். அதைத்தான் உனக்கும் உன் கூட்டாளிகளுக்கும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துக் கட்டிலில் வெம்பக்கோட்டைச் சம்சாரி ஒருவர், வயிறு கட்டியாக உப்பிவிட்டது என்று மூன்று நாள் வேப்பிலை அடித்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். அடைத்தது மூத்திரம். குழாய் விட்டதும் எழுந்து வெற்றிலை கேட்டார். இன்னொருவர் நெஞ்சுக்குழி எரிகிறது, வேர்க்கிறது, சோறு செரிக்கவில்லை என்று வந்தார். அது வயிறே இல்லை, நெஞ்சு நோவு. ஒரு பாட்டையாவுக்குக் கல்யாண வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டாலே வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளுமாம், பித்தப்பையில் கல் என்றார்கள். மூட்டுவலிக்குக் கண்ட மாத்திரையை வெறும் வயிற்றில் தின்று, தார் மாதிரிக் கறுப்பாக வெளியே போன ஒருவர் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படித்தான் போகுமாம். நாலு நாள் வெளிக்குப் போகாத வெறும் மலச்சிக்கலும் உண்டு, அதற்கும் அழுது புரண்டவர் உண்டு. வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் வயிற்று வலிதான். எது எது என்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை, டாக்டர் வேலை. பேதி கொடுக்காமல், நீவிவிடாமல், சூடு போடாமல், சோறு தண்ணீர் கொடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் நம் வேலை. வயதானவர் வலி என்று சொல்லி, நாலைந்து மணி நேரத்தில் அது விடாவிட்டால், வாந்தியோ உப்புசமோ இருந்தால், காற்றோ மூத்திரமோ பிரியாவிட்டால், காத்திருக்கக் கூடாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது. எதை மறைக்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

எனக்கும் நெஞ்சுக்குழியில் எரிச்சல் இருக்கிறது. அங்கே இருந்தபோதே காட்டிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த புண் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். நீ பயப்பட வேண்டாம். பழி பாக்கி இருக்கிற வரை எனக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். பாக்கியம் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதது தன் அப்பனுக்காக. நீ கட்டிக்கொள். ஆனால் என் சம்மதத்துக்கு விலை உண்டு, அதை உன் மாமனிடம் சொல்லிவிட்டேன். வருகிற தீபாவளி லோடு முழுவதும் போனதும், மருந்து கழிக்கிற நாளில், அந்தத் தகர டின்னுக்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, அவன் எண்ணெய் ஊற்றக் கூடாது. உன் அப்பா பெயரைச் சொல்லி, எப்படிச் செத்தார், லாரி எந்த ஊருக்குப் போனது, டிரைவர் பக்கத்தில் இடம் இருந்ததா இல்லையா என்பதை அவன் வாயால் சொல்ல வேண்டும். தன் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்ட வேண்டும். "போர்மேன் வேல போயிரும் தாயி, மானம் போயிரும்" என்று அழுதான். போகட்டும். உன் அப்பா மானத்தைக் காப்பாற்றப் பார்த்துத்தான் செத்தார். இவன் மானத்தை விட்டு உயிரோடு இருக்கட்டும். அவன் சொன்னால் தை மாதம் நானே முன்னால் நின்று உங்களுக்குத் தாலி எடுத்துத் தருவேன். சொல்லாவிட்டால் நீ நான் இல்லாமலே கட்டிக்கொள்ளலாம். அவனுக்குப் பரிந்து நீ எனக்கு எழுதுவாய் என்று காத்திருக்கிறான். அதனால்தான் உன்னிடம் என்னைப் புகழ்ந்தான். எழுதாதே. அன்றைக்கு ஊருக்கு வா. வரிசையில் என் பக்கத்தில் நில். எண்ணெய் ஊற்றிய கையை நானும் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டத்தான் போகிறேன். அதை நீ பார்க்க வேண்டும்.

முடித்துவிட்டேன், மடித்து வை என்று சொன்னேன். லட்சுமி மடிக்கவில்லை. இதற்குமேல் நடந்ததையும் எழுது என்று சொல்லித்தான் எழுத வைத்திருக்கிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு, "யம்மா, நானும் பாத்திருக்கேன். அப்பா பெட்டி தூக்குததுக்கு முன்னால அங்கன கைய வச்சு அமுக்கிப் பிடிக்கத. ரெண்டு வருசமாப் பாத்தேன். அன்னைக்கு நீ மாமாகிட்ட ஓடும்போது, வயிறு இல்லம்மா, அங்கனன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. வெக்கமா இருந்துச்சு. சொல்லல" என்றாள். அவள் ஏன் அன்று லாரிக்கு முன்னால் போய்க் கத்தினாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாரைப் பழி வாங்குவது என்று நான்கு வருஷமாகத் தெளிவாக வைத்திருந்தேன், முத்தையா. இந்தப் பிள்ளைக்கு வெட்கப்படக் கற்றுக்கொடுத்தவள் யார் என்று யோசித்தால் அங்கேயும் நான்தான் நிற்கிறேன்.

அவளாகவே முன்பக்கங்களைப் புரட்டி, புள்ளி வைத்துவிட்டிருந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். அந்தப் புள்ளிகளின் மேலேயே கவட்டை என்று எழுதினாள். மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறாள், உனக்குத் தெரியும்.